பத்துக்கு ஆறு

போன வாரம் சின்னவன் அடித்துச் சாத்திய கதவு திறந்துவிட்டது. வாய்தான் இன்னும் திறக்கவில்லை. அக்காவும் தம்பியும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, ஒரே பாத்திரத்திலிருந்து எடுத்துப் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டு, நடுவில் அம்மாவைத் தபால்காரி ஆக்கி வைத்திருந்தார்கள்.

சண்டை சொத்துக்காக இல்லை. கல்யாணப் பேச்சில் வந்ததும் இல்லை. ஒரு மார்க்குக்காக.

பெரியவளுக்கு ஒரு வாரப் பத்திரிகையில் வேலை. டீவியில் பெட்டியை இணைத்துக்கொண்டு உட்கார்ந்த இடத்திலேயே ஆடுகிற வீடியோ கேம்களைப் பற்றிய பத்திரிகை. புதிதாக வரும் கேமை ஊருக்கு முன்னால் ஆடிப் பார்த்து, பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவது அவள் உத்தியோகம். பாதிக்குப் பாதி வீடுகளில் இருக்கிற கறுப்புப் பெட்டிக்கு வருகிற கேம்கள் எல்லாம் அவள் பக்கத்தில்தான் வரும். அந்தப் பெட்டிக்காரர்கள் வருஷக்கணக்காக வாயைப் பிளந்து காத்திருந்த 'சாம்பல் நதி'க்கு அவள் போட்டது ஆறு.

சின்னவனோ கறுப்புப் பெட்டி விற்கிறவன். விற்பதோடு விட்டானா? அந்தப் பெட்டி வைத்திருப்பவர்கள் சேர்ந்து நடத்தும் கிளப்புக்குச் செயலாளர் வேறு. அங்கே அவனுக்கு 'இரும்பு' என்று பெயர். பெரியவள் அவனுடைய அக்கா என்று கிளப்புக்குத் தெரியாது. அவன் அவளுடைய தம்பி என்று பத்திரிகைக்கும் தெரியாது. தெரிந்தால் நல்ல மார்க் போட்டாலும் ஏசுவார்கள், கெட்ட மார்க் போட்டாலும் ஏசுவார்கள் என்று இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவு அது. இப்போது தெரியாமலே ஏசுகிறார்கள்.

"அம்மா, அவகிட்டச் சொல்லு," என்றான் சின்னவன், தட்டைப் பார்த்துக்கொண்டே. "அவ எங்க பெட்டிக்கு இதுவரைக்கும் போட்ட மார்க்கையெல்லாம் கிளப்புல கூட்டி வகுத்துப் பார்த்துட்டாங்க. ஆறரைதான் தேறுது. அதே பத்திரிகைல போட்டிக் கம்பெனியோட வெள்ளைப் பெட்டிக்கு எட்டு."

"வெள்ளைப் பெட்டிக்கு மார்க் போடறது நான் இல்லைன்னு சொல்லும்மா. அது எங்க ஆபீஸ் தூங்குமூஞ்சி. அவர் எதைப் பார்த்தாலும் எட்டுதான் போடுவார். ஏழு போட்டா காரணம் எழுதணும், ஒன்பது போட்டாலும் காரணம் எழுதணும். எட்டுன்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

அம்மா இரண்டு பக்கமும் பார்த்தாள். கார், சோபா இருக்கைகளுக்கு உறை தைக்கும் கடையில் துணி வெட்டுகிறவள் அவள். அளவு சரியாக இருந்தால் எதுவும் பொருந்தும் என்பது அவள் எண்ணம். இந்த இரண்டையும் எந்த அளவெடுத்துப் பொருத்துவது என்று ஒரு வாரமாக அவளுக்குப் புரியவில்லை.

"எனக்கு ஒண்ணு தெரியணும்," என்றாள். "கறுப்புப் பெட்டி, கறுப்புப் பெட்டிங்கறீங்களே, விமானம் விழுந்தாத்தானே அதைத் தேடுவாங்க?"

மற்ற நாளாக இருந்தால் இரண்டு பேரும் வாயிலிருப்பதைத் துப்பிவிட்டுச் சிரித்திருப்பார்கள். இன்றைக்குக் கரண்டிச் சத்தம்தான் கேட்டது.

"கிளப்புல எல்லாரும் கேக்கறாங்க," என்றான் சின்னவன். "அவளுக்கு வெள்ளைப் பெட்டிக்காரன் என்ன குடுத்தான்னு கேளும்மா."

அம்மா கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள்.

"அதை நீயே கேளு. இந்தத் தபாலை நான் எடுத்துட்டுப் போக மாட்டேன்."

அவன் கேட்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு கடைச் சாவியை எடுத்தான். பெரியவளுக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. ஊரான் கேட்டால் போடா என்று விட்டுவிடலாம். கன்ட்ரோலரை எப்படிப் பிடிப்பது என்று அவள் மடியில் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்த பயல் இவன்.

*

அன்று காலை அவளுக்குப் பல் டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. அதையாவது நிம்மதியாக முடிக்கலாம் என்று நினைத்துக்கொண்டு போய் நாற்காலியில் சாய்ந்தாள்.

டாக்டர் விளக்கை இழுத்து முகத்துக்கு நேரே வைத்தார். நல்லா திறங்க என்றார். ஒரு பக்கம் பஞ்சு, ஒரு பக்கம் உறிஞ்சும் குழாய், நடுவில் கண்ணாடி. வாயில் இனி ஒரு எறும்புக்குக்கூட இடமில்லை என்று உறுதியானதும், "நீங்கதானே அந்த ஆறு போட்டவங்க?" என்று கேட்டார்.

பெரியவள் கண்ணால் ஆமாம் என்றாள்.

"நானும் கறுப்புப் பெட்டிதான். எதுக்குங்க ஆறு? பாலத்துல படம் திக்குதுன்னு எழுதியிருக்கீங்க. பெட்டி விமானம் கிளம்புற மாதிரி இரையுதுன்னு எழுதியிருக்கீங்க. என் வீட்டுல ஒரு திக்கல் இல்லை, ஒரு இரைச்சல் இல்லை."

பதில் அவள் தொண்டை வரை வந்து பஞ்சில் மோதி நின்றது. டாக்டர் பல்லைக் குடைந்துகொண்டே, பத்திரிகைக்காரர்கள் எல்லாருக்கும் இந்தப் பெட்டி என்றால் ஏன் இளப்பம், நிறையப் பேர் வாங்கிவிட்டார்கள் என்ற பொறாமையா, மெத்தப் படித்த திமிரா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். அவள் ஆ, ஆ என்றாள். ஒத்துக்கொள்கிறாள் என்று எடுத்துக்கொண்டார்.

எல்லாம் முடிந்து வாயைக் கொப்புளித்ததும் பதில் சொல்ல நிமிர்ந்தாள். பாதி நாக்கு மரத்துப்போயிருந்தது. ரெண்டு மணி நேரம் பேசாதீங்க என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

*

ஆசிரியர் கோபமாக இருப்பார் என்று எதிர்பார்த்துத்தான் பெரியவள் ஆபீசுக்குள் நுழைந்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அது இன்னும் மோசம்.

இந்த ஆறு மார்க்கால் போன இதழ் கடைகளில் மிச்சமில்லாமல் தீர்ந்துவிட்டதாம். திட்டுவதற்காகவே வாங்கினவர்கள்தான் அதிகமாம். இப்போது வாசகர் எல்லாரும் ஒரே குரலில் கேட்பது பதில். இன்று சாயந்திரம் அச்சுக்குப் போகும் இதழில் ஒரு முழுப் பக்கம் அவளுக்காகக் காலியாக வைத்திருப்பதாகச் சொன்னார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"ஆனா கல்லு மாதிரி இருக்கணும்மா பதில். அதுல ஒரு ஓட்டை இருந்தாலும் அந்தப் பக்கத்தை உனக்கு வச்சிருக்க என்னால முடியாது. மேல இருக்கறவங்க ஏற்கெனவே வேற ஆளைப் பாருன்னு என் காதுல ஓதிக்கிட்டிருக்காங்க."

"ஓட்டைக்கு இடமே இல்லே சார்," என்றாள் பெரியவள், மரத்துப்போன வாயால். "பாலத்துல திக்கறதை அப்படியே படம் பிடிச்சுப் பக்கத்துல போட்டுடறேன். கண்ணால பார்த்த பிறகு என்ன பேசுவாங்க?"

அவளுக்கென்று ஒரு விதி இருந்தது. பெட்டி செய்கிற கம்பெனி பத்திரிகைகளுக்கென்று தனியாக ஒரு பெட்டி அனுப்பும். அதில் அவள் ஆடிப் பார்த்து எழுத மாட்டாள். கல்யாணப் பெண் மாதிரி சீவிச் சிங்காரித்து அனுப்பிய பெட்டியில் எல்லாம் நன்றாகத்தான் ஓடும். வாசகர் காசு கொடுத்து வாங்கிக் கூடத்தில் வைத்திருக்கும் பெட்டியில் எப்படி ஓடுகிறது என்பதுதான் கேள்வி. அதனால் தன் வீட்டுக் கூடத்தில், தன் பெட்டியில், சாதாரண மனுஷியாக உட்கார்ந்துதான் ஆடுவாள். இந்த விதியைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. வேறு எந்தப் பத்திரிகையிலும் இப்படிச் செய்வதில்லை.

படம் பிடிக்கும் கருவியைச் சரிபார்க்க ஒரு பெட்டி வேண்டியிருந்தது. தூங்குமூஞ்சி தன் மேஜைக்கடியில் கடையில் வாங்கின கறுப்புப் பெட்டி ஒன்றை வைத்திருந்தார். வெள்ளைப் பெட்டிக்கு எட்டு எட்டாகப் போடுகிறவர், மத்தியானத்தில் ஆடுவது இதில். பெரியவள் அதில் 'சாம்பல் நதி'யைப் போட்டு நேராகப் பாலத்துக்குப் போனாள்.

பாலம் எண்ணெய் தடவினாற்போல் வழுக்கிக்கொண்டு ஓடியது.

திரும்பப் போட்டாள். குதிரைகள் வந்தன, தீ வந்தது, கல்லும் மரமும் பறந்தன. எங்கேயும் ஒரு தடங்கல் இல்லை. பெட்டி பூனைக்குட்டி போல் சத்தமில்லாமல் கிடந்தது.

"நல்லாத்தானே போகுது," என்றார் தூங்குமூஞ்சி ஒரு கண்ணைத் திறந்து.

"இது புதுப் பெட்டியா?"

"உன்னுதைவிடப் பழசு."

இடையில் கம்பெனி ஏதாவது சரிசெய்து அனுப்பியிருக்குமோ என்று பார்த்தாள். இல்லை. அவள் ஆடிய அதே கேம்தான், ஒரு எழுத்து மாறவில்லை. பெரியவள் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

*

வீட்டில் யாரும் இல்லை. செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் பெட்டியை முடுக்கி, ஆட்டத்தில் இறங்கினாள். கொஞ்ச நேரம் ஒழுங்காகத்தான் ஓடியது. பாலத்துக்கு வந்து சேர்வதற்குள் இரைச்சல் ஆரம்பித்தது. குதிரைகள் திக்கித் திக்கி, நடு வானில் நின்று நின்று குதித்தன.

அப்பாடா என்றிருந்தது. நான் பொய் எழுதவில்லை. இதோ திக்குகிறது. இதோ இரைகிறது.

கருவியின் ஒயரைச் செருகப் பெட்டியின் பின்பக்கம் கையை விட்டாள். துணியில் கை பட்டது. இஸ்திரிப் பெட்டியைத் தொட்டவள் மாதிரி வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

குனிந்து பார்த்தாள்.

பெட்டிக்கு ஒரு சட்டை. கறுப்புத் துணியில், ஓரம் மடித்து, மூலையில் கிளப்பின் சின்னம் பூவேலையாகப் போட்டு, உடம்போடு ஒட்டினாற்போல் தைத்த உறை. முன்னால் பொத்தானுக்கு ஒரு திறப்பு. ஒயர்களுக்கு அளந்து வைத்த ஓட்டைகள். வெப்பக் காற்று வெளியேற வேண்டிய பின்பக்கச் சல்லடைக்கு மட்டும் ஓட்டை இல்லை. அங்கே இரட்டைத் துணி.

எப்படி இத்தனை நாள் கண்ணில் படவில்லை? படும்படி இருந்தால்தானே. அந்த வீட்டில் டீவி ரிமோட்டுக்கு உறை, மிக்சிக்கு உறை, போன் சார்ஜருக்கு உறை, தண்ணீர்ப் பாட்டிலுக்கு உறை. உறை இல்லாதது மூன்று பேர் வாய் மட்டும்தான். கறுப்புப் பெட்டிக்குக் கறுப்பு உறை போட்டதை எந்தக் கண் பார்க்கும்?

உறையைக் கழற்றினாள். பெட்டி ஆறும்வரை எதிரே தரையில் உட்கார்ந்திருந்தாள். பிறகு பாலத்துக்குப் போனாள். குதிரைகள் தண்ணீராக ஓடின.

பெட்டி மூச்சு வாங்குகிறது என்று விமர்சனத்தில் எழுதியிருந்தாள். எழுதின நேரம் அது நல்ல வரி என்று தனக்குத்தானே மெச்சிக்கொண்டதும் ஞாபகம் வந்தது. மூச்சு வாங்கியது வாஸ்தவம்தான். மூக்கைப் பொத்தி வைத்துக்கொண்டு, இதற்கு மூச்சு விடத் தெரியவில்லை என்று ஊருக்கெல்லாம் அச்சடித்துச் சொன்னது யார்?

அம்மா சாப்பிட வந்தாள். மகள் மடியில் உறையைப் பார்த்ததும், அதை ஏன் கழற்றினே என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அதன் பெருமையைச் சொன்னாள். இதற்கு அளவெடுப்பது கார் சீட்டைவிடக் கஷ்டமாம். முன்னால் இருக்கும் வளைவுக்கு மட்டும் நாலு தடவை வெட்ட வேண்டியிருந்ததாம்.

"எப்போம்மா போட்டே இதை?"

"நீ அந்த ஆத்துக் கேமை ஆட ஆரம்பிச்சியே, அப்பதான். சின்னவன் கேட்டான். பின்னாடி கம்பி கம்பியா இருக்கே, அங்கதான் தூசி போய் அடையுதாம். நல்லாக் கனமா ரெட்டைத் துணியா குடும்மான்னான். குடுத்தேன். முதல்ல தைச்சது நம்ம வீட்டுக்கு. அப்புறம் கடையில வச்சு விக்கறான். நல்லாப் போகுதாம்."

பெரியவள் உறையைப் புரட்டி, பின்பக்கத்து இரட்டைத் துணியை விரலால் தடவிப் பார்த்தாள்.

சின்னவனும் சாப்பாட்டுக்கு வந்தான். பெரியவள் உறையை எடுத்து மறுபடி பெட்டிக்கு மாட்டினாள், பாலத்தைப் போட்டாள், இரைச்சல் வரும்வரை காத்திருந்து அவன் கையைப் பிடித்துப் பின்பக்கத் துணியில் வைத்தாள். பிறகு உறையை உருவிவிட்டு, ஆறவிட்டு, ஓட்டிக் காட்டினாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல எதுவும் தேவைப்படவும் இல்லை. அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"அக்கா," என்றான். ஒரு வாரத்துக்குப் பிறகு தபால்காரி இல்லாமல் நேராக வந்த முதல் சொல்.

"சொல்லு."

"இப்ப என்ன எழுதப் போறே?"

"நடந்ததை."

"ஆறே இருக்கட்டுமே."

பெரியவள் அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். விளையாடவில்லை.

"என்னடா சொன்னே?"

"ஆறு ஒண்ணும் மோசம் இல்லேக்கா. யோசிச்சுப் பார்த்தா ஆறு நியாயமான மார்க்தான். பாலத்துல திக்குது, அவங்க எழுதினது சரிதான்னு நானே கிளப்புல சொல்லிடறேன். எல்லாரும் அடங்கிடுவாங்க. நீயும் தப்பிச்சே, நானும் தப்பிச்சேன்."

"ஒரு வாரமா என்னைச் சோறு திங்க விடலே. எவன்கிட்ட என்ன வாங்கினேன்னு கேக்கச் சொன்னே. இப்ப ஆறு நியாயமா?"

அவன் சோபா விளிம்பில் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு வந்தது ஒவ்வொன்றாக, பிடுங்கிப் பிடுங்கித்தான் வந்தது. உறை வாங்கினவர்களில் சிலர் கடைக்கு வந்து, அண்ணே, சாம்பல் நதி எங்க வீட்டிலயும் திக்குது என்று காதோடு காதாகச் சொல்லியிருக்கிறார்கள். பெட்டி சுடுகிறது என்றும் ஒருவர் சொன்னாராம். சின்னவன் அவர்களிடம், சீக்கிரம் கம்பெனி சரிபண்ணிவிடும், அதுவரை வெளியே மூச்சு விடாதீர்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறான்.

"ஏன் வெளியே சொல்லக் கூடாது?"

"சொன்னா அந்தப் பத்திரிகைக்காரிக்கு ரொம்ப வசதியாயிடும்னு சொன்னேன்."

"எந்தப் பத்திரிகைக்காரி?"

சின்னவன் தரையைப் பார்த்தான்.

திக்குவதைக் கண்ணால் பார்த்துவிட்டு, திக்கவில்லை என்று கிளப்பில் எல்லாரையும்விட உரக்கக் கத்தினவர்களும் அவர்களேதான் என்பது இன்னும் இரண்டு கேள்விக்குப் பிறகு தெரிந்தது. பெரியவளுக்குத் தலையைக் கொண்டுபோய்ச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஒருதலைப்பட்சம், ஒருதலைப்பட்சம் என்று அவளைத் துரத்தித் துரத்தி அடித்தவர்கள் யார் யார் என்று பார்.

அம்மா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தையல் ஒரு நூல் பிசகவில்லை.

"இன்னும் எத்தனை வீட்டுல இந்தப் பெட்டிங்க இப்படி மூச்சு முட்டிக்கிட்டு இருக்குடா?" என்று கேட்டாள்.

சின்னவன் விரல் விட்டு எண்ண ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டான். அதனால் நிறைய என்று தெரிந்தது.

"அப்ப கடைப் பேரையும் எழுதியாகணும்," என்றாள் பெரியவள். "கழட்டுங்கன்னு சொன்னா எதைக் கழட்டணும்னு அவங்களுக்குத் தெரியணும்ல?"

அவன் கெஞ்சினான். கிளப்பில் தலை காட்ட முடியாது, கடைக்கு யார் வருவார்கள், கறுப்புப் பெட்டியைக் காப்பாற்றப் புறப்பட்டவனே கழுத்தை நெரித்தான் என்று காலம் பூராவும் சொல்லிச் சிரிப்பார்கள் என்றான். அவளுக்கும் இரக்கமாகத்தான் இருந்தது. இரக்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? திக்கியது பெட்டியின் குற்றமில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் ஆறை ஆறாகவே விட்டால், காலையில் அவன் கேட்கச் சொன்ன கேள்விக்கு, ஆமாம், வாங்கினேன் என்று பதில் சொன்ன மாதிரி.

"சரி, எழுது," என்றான் கடைசியில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "மார்க்கு?"

"திக்குக்காகவும் இரைச்சலுக்காகவும் குறைச்சதைத் திருப்பிக் குடுத்துடறேன். ஏழு."

"ஏழா?"

கூரை அதிர்ந்தது. அழப்போனவன் எழுந்தே நின்றுவிட்டான்.

"இவ்வளவுக்கும் அப்புறம் வெறும் ஏழா? கடைப் பேரும் போகுது, மானமும் போகுது, ஏழா?"

"கதையில பின்பாதி முழுக்க மூட்டை தூக்கற வேலைதானேடா இருக்கு? இங்கேயிருந்து எடு, அங்கே போய்க் குடு. மறுபடி எடு, மறுபடி குடு. அதுக்கும் துணிதான் காரணமா?"

அவன் அம்மாவைப் பார்த்தான். பின்பாதியை அவனும் முடிக்கவில்லை என்று அம்மா மெதுவாகச் சொன்னாள். பாதியிலேயே தூங்கிப்போய்விட்டானாம்.

*

ஆபீசுக்குத் திரும்பும் வழியெல்லாம் எட்டு என்கிற எண் பெரியவள் கூடவே வந்தது. ஒரே ஒரு மார்க். எட்டுப் போட்டால் நாளைக்கே அவளைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொள்வார்கள். பார், தப்பை ஒத்துக்கொண்டாள் என்பார்கள். பல் டாக்டர்கூட வலிக்காமல் குடைவார். தூங்குமூஞ்சி எந்தக் காரணமும் எழுதாமல் வாரா வாரம் போடுகிற எட்டு.

மேஜையில் உட்கார்ந்ததும் ஏழு என்று முதல் வரியிலேயே எழுதினாள். பிறகு மாற்ற முடியாதபடிக்கு.

மற்றதெல்லாம் தானாக வந்தது. எந்த விதியைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டேனோ அந்த விதியை நம்பி என் வீட்டுப் பெட்டியில் ஆடினேன், அதன்மேல் என்ன மாட்டியிருந்தது என்று ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கவில்லை என்று எழுதினாள். இந்த உறை மாட்டியிருப்பவர்கள் இன்றே கழற்றிவிடுங்கள் என்று எழுதினாள். கடையின் பெயரை எழுதினாள். கொஞ்சம் யோசித்து, அது என் தம்பியின் கடை என்றும் சேர்த்தாள். அதை மறைத்தால் நாளைக்கு யாராவது கண்டுபிடித்து, அதற்கும் ஒரு பக்கம் கேட்பார்கள்.

ஆசிரியர் படித்தார். பாதியில் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"கல்லு மாதிரி கேட்டேன்," என்றார். "நீ கல்லை எடுத்து உன் தலையிலேயே போட்டுக்கிட்டு வந்திருக்கே."

"தெரியும் சார்."

"இது அச்சானா அந்தப் பக்கம் உனக்கு இல்லை. இத்தனை பேர் திட்டினது சரின்னு நீயே எழுதிக் குடுத்தப்புறம் நான் யார்கிட்டப் போய் என்ன பேசறது?"

"தெரியும் சார்," என்றாள் மறுபடியும். மரப்பு எப்போதோ விட்டுப்போயிருந்தது. இருந்தும் வாய் சரியாகத் திறக்கவில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் விரல் காகிதத்தில் ஒரு வரியிலேயே நின்றது.

"இந்தக் கடை... இரும்புன்னு ஒருத்தன் வச்சிருக்கற கடைதானே இது?"

"ஆமா சார்."

"அவன் உன் தம்பியா?"

"கூடப் பிறந்தவன்."

ஆசிரியர் காகிதத்தை மேஜையில் வைத்தார். வெளியே தூங்குமூஞ்சி கொட்டாவி விடும் சத்தம் கேட்டது. பிறகு ஆசிரியர் தணிந்த குரலில், மேலிடத்தில் வேறு ஆள் பார் என்று சொன்னதால், திட்டுகிற கூட்டத்திலிருந்தே ஒருவனைப் பிடித்துப் போட்டால் கூட்டமும் அடங்கும், பத்திரிகையும் விற்கும் என்று தோன்றியதாகச் சொன்னார். அதனால் கிளப் செயலாளர் இரும்பிடமே கேட்டாராம், அந்தப் பக்கத்தை எடுத்துக்கொள்கிறாயா என்று.

"அவன் என்ன சொன்னான்?"

"சரின்னான்."

"எப்போ?"

"நேத்து. யோசிக்கக்கூட இல்லேம்மா, கேட்டதும் சரின்னுட்டான். அக்கா எழுதற பக்கம்னு அவன் சொல்லல. எனக்கும் தெரியாது."

நேற்று. அப்படியானால் இன்று காலை சாப்பாட்டு மேஜையில் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானே, அப்போது அவன் பையில் அவள் வேலை இருந்தது. மத்தியானம் சோபா விளிம்பில் உட்கார்ந்து, ஆறே இருக்கட்டும் அக்கா, நீயும் தப்பிச்சே, நானும் தப்பிச்சேன் என்றானே, அப்போதும் இருந்தது.

"இதைப் போட்டா அவனும் இங்க வர முடியாது," என்றார் ஆசிரியர். "ரெண்டு பேர் வாயிலயும் மண்ணு. கடைப் பேரையும் தம்பிங்கறதையும் மட்டும் எடுத்துடேன். அவனாவது..."

பெரியவள் காகிதத்தைப் பார்த்தாள். எடுப்பது பெரிய வேலை இல்லை. இரண்டு வரி.

"அந்தப் பெட்டியெல்லாம் சூடாகிக்கிட்டு இருக்கு சார்," என்றாள். "அப்படியே போடுங்க."

அவர் பெருமூச்சு விட்டு, அச்சுக்குப் பக்கம் கோக்கிறவரைக் கூப்பிட்டுக் காகிதத்தைக் கொடுத்தார். அது கதவு தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டே அவள் வெளியே வந்தாள். கையில் போன் அடித்தது. சின்னவன்.

"அக்கா, குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேன்."

"கடைப் பேரு?"

"போட்டிருக்கேன்."

எதிர்ப்பக்கம் ஒரு நீண்ட முனகல். பிறகு, தோற்றுப்போனவன் கடைசியாக ஒரு தடவை கேட்டுப் பார்க்கிற குரலில், எட்டாவது போட்டிருக்கக் கூடாதா அக்கா, உன் தம்பிக்காக ஒரு மார்க் என்றான். குரலில் கொஞ்சம் சிரிப்புகூட இருந்தது. சமாதானமாகப் போய்விடலாம் என்கிற சிரிப்பு. சின்ன வயசிலிருந்து அவள் இளகிப்போகிற சிரிப்பு.

"ஏழுதான்," என்றாள் பெரியவள். "நேத்து எங்க ஆசிரியர் உன்கிட்ட என்ன கேட்டார்? நீ என்ன சொன்னே?"

மத்தியானம் ஏழு என்றதற்குக் கூரை அதிரக் கத்தினவன், இதற்கு மூச்சுக்கூட விடவில்லை.

அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமல் மாடிப்படியில் நின்றாள். இந்தத் தடவை நடுவில் அம்மா இல்லை. அவனேதான் சொல்லியாக வேண்டும்.